உள்வீட்டாரின் வேளாங்கண்ணிப் பயணம்

தூத்துக்குடி உப்பை ஒரு கை அள்ளி வைத்துக்கொண்டு சொல்கிறேன்: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு கமாவைக்கூட நான் கூடுதலாகப் போடவில்லை. எங்காவது நம்ப முடியாமல் போனால், அது வாசிக்கிறவர் வாழும் காலத்தின் குறை. என் குறை அல்ல.

திங்கட்கிழமை காலையானால் கஸ்பார் மச்சாது சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடத்தின் நடுவில் நிற்பார். அவர் மனைவி தெக்லா தொப்பைமானியை அவருடைய தொப்புளுக்கு நேராகச் சுற்றிப் பிடிப்பாள். அது கொஞ்ச நேரம் முனகிவிட்டுப் பச்சை விளக்கை எரித்து, "குடியிருப்பு போதுமானது" என்று பெண் குரலில் சொல்லும். அந்தத் திங்கட்கிழமை மஞ்சள் விளக்கு எரிந்தது.

"இளைச்சிருக்கீங்க," என்றாள் தெக்லா.

"நேத்து ராத்திரிகூட ரெண்டு பொரிச்ச பரோட்டா தின்னேன்லா."

"டாக்டரம்மா மூணு சொல்லியிருக்காவ. நீங்க பீச்சுல போயி நடை நடைன்னு நடந்தா பரோட்டா என்ன செய்யும்? இப்பவே இப்படின்னா ஆகஸ்ட்ல என்ன கதியோ."

"ஆகஸ்ட்ல என்ன?"

தெக்லா தொப்பைமானியைச் சுருட்டத் தொடங்கினாள். சுருட்டி முடித்த பிறகும் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

அவள் பதில் சொல்வதற்குள் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்துத் தூத்துக்குடியில் தொப்பை இல்லாத ஆளைப் பார்த்தால் ஜனங்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள், பாவம் என்று. உடற்பயிற்சிக் கூடங்களெல்லாம் மக்ரூன் இனிப்புக் கடைகளாக மாறிவிட்டிருந்தன. கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர் பெல்ட்டில் எத்தனையாவது ஓட்டை என்று சொல்லிவிடுவார்கள். தையற்காரர்கள் சட்டையின் நடுவில் ஒரு மடிப்பு விட்டே தைத்தார்கள், வளர்வதற்கு.

இதற்கெல்லாம் காரணம் முத்தப்பூச்சி. கடலும் காற்றும் கொதித்துக்கிடந்த அந்த நூற்றாண்டின் நடுவில், தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஏதோ ஒரு கப்பலின் மரச்சட்டங்களுக்குள் அது ஒளிந்து வந்து இறங்கியது. தூங்குகிறவரின் உதட்டோரமாகப் பார்த்துக் கடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். வயிறு முட்டக் குடித்துவிட்டு, கடித்த இடத்திலேயே வெளிக்கும் போய்விட்டு, நடையைக் கட்டும். அரிப்பெடுத்துத் தூங்குகிறவர் முகத்தைத் தேய்ப்பார். கழிவில் இருக்கும் கிருமி, கடிவாய் வழியாக ரத்தத்துக்குள் போய்விடும். சில நாள் காய்ச்சல், ஒரு பக்கக் கண்ணிமை வீக்கம், அவ்வளவுதான். பிறகு பத்து வருடம், இருபது வருடம் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத காலத்தில்தான் அது இதயத் தசைக்குள் குடியேறி, பிள்ளைகுட்டி பெற்றுப் பெருகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதயத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தக் கிருமியின் பசி இல்லை. அது கொஞ்சமாகத்தான் தின்னும். அதைப் பிடிக்கப் போகும் நம்முடைய வெள்ளணுக்கள்தான், ஒரு திருடனுக்காகத் தெருவையே கொளுத்துகிற கூட்டம் மாதிரி, தசையையும் சேர்த்துக் கொளுத்தும். எரிந்த இடம் தழும்பாகும். தழும்பு சுருங்கி விரியாது, துடிப்புக்கான மின்சாரத்தையும் கடத்தாது. ஒரு பக்கம் கம்பி அறுந்தாற்போல் துடிப்பு தப்பும். இன்னொரு பக்கம் இதயத்தின் நுனி மெலிந்து பலூன் மாதிரி உப்பும். இருபது வருடச் சண்டைக்குப் பிறகு பார்த்தால் திருடன் அங்கேயே இருப்பான், தெரு இருக்காது.

கஸ்பார் மச்சாது துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். ஆயுள் முழுக்க உயரமான கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தே வேலை பார்த்ததால் வயிறு தாராளமாக இருந்தது. அறுபது வயதில் அவருடைய தெரு எரிந்து முடியும் நிலைக்கு வந்தது. கட்டிலிலிருந்து முகம் கழுவும் தொட்டிக்குப் போவதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்து நிற்பார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். தெக்லா எதிரில் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் இதய மருத்துவர் இசக்கியம்மாள் அவர் மார்பில் சமாதானியை ஒட்டினார். தீப்பெட்டி அளவுப் பெட்டி. கிருமிகளும் வெள்ளணுக்களும் ரத்தத்துக்குள் ஒன்றையொன்று ரசாயனத்தால் வைதுகொள்வதை அது வாசித்துப் பேச்சாக மாற்றும். நாம் பேசுவதை ரசாயனமாக மாற்றி உள்ளே விடும். அதைச் செய்தவர்கள் பெட்டிக்குத் தமிழ் பழக்கும்போது, கிருமிகளின் குரலுக்குக் கலெக்டர் ஆபீஸ் மனுநாள் ஒலிப்பதிவுகளையும், வெள்ளணுக்களின் குரலுக்குப் போக்குவரத்துக் காவலர்களின் ஒலிப்பதிவுகளையும் கொடுத்திருந்தார்கள். ஏனென்று கேட்டால், அவைதான் இலவசமாகக் கிடைத்தன என்றார்கள்.

பெட்டி பேசிய முதல் வாக்கியம் இது:

"இதயத்தின் இடது கீழறைச் சுவரில் பல்லாயிரம் தலைமுறைகளாக வசித்துவரும் எளியோர் பணிந்து தெரிவித்துக்கொள்வது."

உடனே இன்னொரு குரல்: "யோவ், ஓரமா நில்லு. எந்த ஊரு?"

மச்சாது டாக்டரைப் பார்த்தார். "நான் என்ன பேசணும்?"

"வீட்டுக்காரர் நீங்கதானே அண்ணாச்சி," என்றார் இசக்கியம்மாள். "உங்க வாயால கேளுங்க."

மச்சாது தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏம்ப்பா, யாரைக் கேட்டு என் நெஞ்சுல குடி வந்தீங்க?"

"நாங்களாக வரவில்லை ஐயா. தாங்கள்தான் முகத்தைத் தேய்த்தீர்கள்."

மச்சாதுவால் இதை மறுக்க முடியவில்லை. "சரி, வேற இடம் கொடுத்தா போவீங்களா?"

"இதே போல இளஞ்சூடும், அருகிலேயே சாப்பாட்டு வசதியும் இருந்தால் பரிசீலிக்கிறோம்."

மச்சாது குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு தெக்லாவைப் பார்த்தார். அவள் அதை எவ்வளவோ காலமாகக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது வேகமாகத் தலையாட்டினாள்.

ஒப்பந்தம் அன்றே முடிந்தது. கிருமிகள் நெஞ்சைக் காலிசெய்து வயிற்றுக் கொழுப்புக்குள் குடியேற வேண்டும். வெள்ளணுக்கள் அங்கே ரோந்து வரக்கூடாது. மச்சாது தன் தொப்பையை எந்தக் காலத்திலும் குறையாமல் பராமரிக்க வேண்டும். பெட்டி ஒட்டிக்கொண்ட மற்றவர்களும் இதே ஒப்பந்தத்தைப் போட்டுக்கொண்டார்கள். அதுமுதல் ஊரில் கிருமி என்று யாரும் சொல்வதில்லை. உள்வீட்டார் என்றார்கள்.

எரிந்த தசை திரும்ப முளைக்காது. ஆனால் புதிதாக எரிவது நின்றது, மிச்சமிருந்த தசை மூச்சு வாங்கிக்கொண்டது. ஒருநாள் விடிந்ததும் தெக்லா வந்து பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. மச்சாது கட்டிலில் நீட்டி நிமிர்ந்து மல்லாந்து கிடந்தார். கடைசியாக அவள் ஒரு மனிதரை அப்படிப் பார்த்தது அவளுடைய அப்பாவின் அடக்கத்தன்று. கதவைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மச்சாது ஒரு கண்ணைத் திறந்து, "தூங்க விடு தெக்லா, எம்புட்டு நாளாச்சு," என்றார். அதற்கு அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம்.

"ஆகஸ்ட்ல என்னன்னு கேட்டேன்," என்றார் மச்சாது.

"நீங்க நாற்காலியில உக்காந்து மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தீயள்லா, அப்ப வேளாங்கண்ணி மாதாகிட்ட நேர்ந்துகிட்டேன். உங்க நெஞ்சு நல்லாயிட்டா தூத்துக்குடியிலிருந்து நடந்தே வந்து கும்பிடுறதா. ஒருவேளைச் சாப்பாட்டோட."

"யாரு நடந்து?"

"நீங்கதான்."

"நேர்ந்துகிட்டது நீ. நடக்கணுமா நான்?"

"நெஞ்சு உங்களுதுலா."

மச்சாது இதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

டாக்டர் இசக்கியம்மாள் இதைக் கேட்டதும் காதிலிருந்த குழாயைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நல்லாக் கேட்டுக்கோங்க. ஒருவேளைச் சாப்பாட்டுல நடந்தீங்கன்னா தொண்டி தாண்டுறதுக்குள்ள வயிறு வத்திரும். வயிறு வத்தினா உள்வீட்டார் எங்க போவாங்க? பழைய வீட்டுக்குத்தான். அங்க வெள்ளணு லத்தியோட நிக்குது. உங்க நெஞ்சு நுனி காகிதம் மாதிரி இருக்கு அண்ணாச்சி. இன்னொரு சண்டையைத் தாங்காது. கிழிஞ்சிரும்."

வெளியே வந்ததும் தெக்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம். மாதாகிட்ட நான் பேசிக்கிடுதேன். பங்குச்சாமியாரே பஸ்ஸுல போனா போதும்னு சொல்லுதாரு."

"நீ பஸ்ஸுன்னா நேர்ந்துகிட்ட?"

"பயத்துல எதையோ சொன்னேன்."

"பயத்துல கேட்ட. பயத்துக்குக் கொடுத்தாங்க. நீ கேட்டதைக் கொடுத்தவங்ககிட்ட, நீ சொன்னதை மட்டும் மாத்துவியா?" மச்சாது நடந்துகொண்டே பேசினார், மூச்சு வாங்காமல். "தெக்லா, ஒரு வருசமா மல்லாந்து படுக்கேன். கூரையில மின்விசிறி சுத்துறதைப் பாக்கேன். அதைப் பாக்கும்போதெல்லாம் யாருக்காவது நன்றி சொல்லணும் போல இருக்கு. டாக்டரம்மாவுக்குச் சொல்லியாச்சு. உனக்குச் சொல்லியாச்சு. இன்னும் மிச்சம் இருக்கு. அதை எங்க கொண்டுபோயிச் சொல்ல?"

தெக்லா கையை விடவில்லை.

குடியிருக்கும் வீட்டை இடிக்கப்போகிறோம் என்றால் குடியிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. மச்சாது அன்று சாயங்காலம் சமாதானியைத் தட்டி விஷயத்தைச் சொன்னார். உள்ளே நெடுநேரம் சலசலப்பு. பிறகு பெட்டி பேசியது:

"ஐயாவின் முடிவு எங்களைப் பெரிதும் பாதிக்கும். இருந்தாலும் ஒரு விளக்கம் தேவை. நன்றி என்று ஒரு சொல் சொன்னீர்கள். அது எங்களிடம் இல்லை."

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மனுநாள் ஒலிப்பதிவுகளில் எல்லாமே இருந்தது, அந்த ஒரு சொல்லைத் தவிர.

மச்சாது தலையைச் சொறிந்தார். "எப்படிச் சொல்ல. ஒண்ணு கெடைச்சிருச்சு. நாம சம்பாதிச்சது இல்ல. திருப்பிக் கொடுக்கவும் வழியில்ல. நெஞ்சுல கெடந்து முட்டும். அதுதான்."

சலசலப்பு.

"எங்களுக்கும் அது இருக்கிறது போலத் தெரிகிறது ஐயா. தங்கள் வயிற்றுக்கு வந்த நாளிலிருந்தே இருக்கிறது. இவ்வளவு நாள் அதைப் பசி என்று நினைத்துவிட்டோம்."

மச்சாதுவுக்கு இது பிடித்துப்போயிற்று. பாரந்தூக்கிக் கூண்டுக்குள் தனியாகவே உட்கார்ந்து பழகிய ஆள், இப்போது வயிற்றுக்குள்ளேயே பேச்சுத் துணை. நேர்ச்சை என்றால் என்ன, எப்படி நேர்ந்துகொள்வது, யார் யாருக்காக நேரலாம் என்பதையெல்லாம் விலாவாரியாக எடுத்துச் சொன்னார். சொல்லாமலிருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் பிறந்ததும் காவி வேட்டி கட்டி, ஒரு சின்ன மாதா படத்தை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினார்கள். தெக்லாவும் நடந்தாள். அவள் தனக்காக எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. அவர் நெஞ்சை விட்டுக் கண்ணெடுக்க முடியாது என்பதால் நடந்தாள்.

வேம்பார் வரை மச்சாது பாடிக்கொண்டே போனார். சாயல்குடியில் தொப்பைமானி மஞ்சளுக்கு வந்தது. தேவிபட்டினத்தில் காவி வேட்டியை இறுக்கிக் கட்டவேண்டி வந்தது. தொண்டியில் சிவப்பு விளக்கு எரிந்து, "குடியிருப்போர் கவனத்துக்கு" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தது. தெக்லா அதைப் பையின் அடியில் போட்டாள். வழியெல்லாம் ஜனங்கள் பந்தல் போட்டுச் சாப்பாடு வைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள். அதிராம்பட்டினத்தில் ஒரு பாய் நன்னாரி சர்பத்தோடு நடுரோட்டுக்கே வந்துவிட்டார்.

"குடிங்கண்ணே, நெஞ்சுக்குக் குளிர்ச்சி."

"வேண்டாம் பாய், நேர்ச்சை. தண்ணி மட்டும் கொடுங்க."

"இவ்வளவு ஒல்லியாவா அனுப்புவாங்க வீட்டுல?" என்று பாய் தெக்லாவைப் பார்த்தார். பாயின் தொப்பை மிகவும் பொறாமைப்படத்தக்கதாக இருந்தது.

முத்துப்பேட்டை நெருங்கும்போது உச்சி வெயிலில் அது நடந்தது. நடந்துகொண்டிருந்த மச்சாது நின்றார். நெஞ்சைத் தொட்டார். துடிப்பு ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை, பிறகு மூன்று சேர்ந்து வந்தன. யாத்ரீகர்கள் ஒதுங்கும் பந்தல் ஒன்றின் நிழலுக்குத் தெக்லா அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. சமாதானியிலிருந்து காவலர் குரல் மட்டுமே கேட்டது: "எல்லாரும் லைன்ல வா. இடது கீழறைக்கு ஆள் அனுப்பு. ஒருத்தனையும் விடாதே."

உள்வீட்டார் மேலே ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம்.

பந்தலில் சோறு இருந்தது. தெக்லா ஒரு கவளம் பிசைந்து அவர் வாயருகே கொண்டுபோனாள். "இதைத் தின்னுங்க. நேர்ச்சை முடிஞ்சிருச்சு. நான் சொல்லுதேன்."

அவர் தலையை ஆட்டினார், வேண்டாமென்று.

"நான்தானே நேர்ந்தேன். நானே முடிச்சு வைக்கேன். தின்னுங்க." அவர் முகத்தைத் திருப்பியதில் பாதிச் சோறு மணலில் விழுந்தது. "மாதாவே, நான் வாய்தவறிச் சொன்னதுக்கு இவரைக் கொண்டுபோயிராத."

அப்போது பெட்டியிலிருந்து மற்றக் குரல் வந்தது. மேலே ஏறிவந்த களைப்பு அதில் தெரிந்தது.

"ஐயாவுக்கும் அம்மாவுக்கும் பணிந்து தெரிவித்துக்கொள்வது. நாங்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இந்த நெஞ்சை நாங்கள் ஒருமுறை எரியவிட்டோம். இந்த வயிற்றில் ஒரு வருடம் உட்காரவைத்துச் சோறு போட்டீர்கள். எனவே நாங்களும் நோன்பு பிடிக்கிறோம். வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரை தின்னமாட்டோம், பிள்ளை பெறமாட்டோம், ஒருவர் கண்ணிலும் படமாட்டோம். அம்மா அழவேண்டாம்."

அதன்பிறகு பெட்டி அமைதியாகிவிட்டது. காவலர் குரல் மட்டும் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் தேடியது. "எங்கய்யா போனானுங்க? இங்கதானே நின்னானுங்க?" பிறகு, "சரி, கலைஞ்சு போ," என்றது.

இது விஞ்ஞானத்துக்கு ஒத்துவராத விஷயம் இல்லை. அந்தக் கிருமிகளில் சில, பெருகாமல், தின்னாமல், தசைக்குள் அப்படியே உறங்கிக்கிடக்கும் பழக்கம் உள்ளவை. உறங்குகிற கிருமியை வெள்ளணுவும் கண்டுபிடிக்காது, மருந்தும் கண்டுபிடிக்காது. என்ன, மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் மனதார உறங்கியது அதுதான் முதல் தடவை.

வெயில் தாழும்போது மச்சாதுவின் துடிப்பு ஒழுங்குக்கு வந்தது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். தெக்லா கொடுத்தாள். இரண்டு பேரும் மணலில் விழுந்த சோற்றை எறும்புகள் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நெஞ்சுக்குள்ள ரொம்ப அமைதியா இருக்கு தெக்லா," என்றார் அவர். "கோயில் பூசைக்கு முன்னால எல்லாரும் முழங்கால் போட்டிருப்பாங்களே, அதுமாதிரி."

வேளாங்கண்ணியில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தார்கள். மச்சாது அந்த மணற்பாதையில் முழங்காலிலேயே போனார். மாதாவுக்கு முன்னால் எழுந்து நின்றார். அவ்வளவு தூரம் சுமந்து வந்த நன்றி, இறக்கிவைக்கும்போது சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. தெக்லா பக்கத்தில் நின்று கண்ணீரைத் துடைக்காமல் விட்டுவிட்டாள். அப்போது அவர் மார்பிலிருந்து ஒரு தூக்கக் குரல், மெதுவாக:

"வந்துவிட்டோமா?"

"வந்தாச்சு," என்றார் மச்சாது.

"நன்றி," என்றது பெட்டி. அந்தச் சொல்லை அது சொன்னது அதுவே முதல் முறை. உச்சரிப்பு கொஞ்சம் பிசகியிருந்தது.

ஊர் திரும்பியதும் தெக்லா மக்ரூனும் பொரிச்ச பரோட்டாவுமாகப் போட்டு அவர் வயிற்றை ஒரே மாதத்தில் பழையபடி கட்டி எழுப்பினாள். உள்வீட்டார் சாமான்களோடு கீழே இறங்கினார்கள். இசக்கியம்மாள் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, போன தடவையைவிடத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு ரொம்ப நேரம் திட்டினார்.

எல்லாம் இங்கே முடிந்திருக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை, பச்சை விளக்கு எரிந்து அணைந்ததும் பெட்டி தொண்டையைச் செருமியது.

"ஐயாவிடம் ஒரு சிறு விண்ணப்பம். முத்துப்பேட்டையில் நாங்கள் நேர்ந்துகொண்டதில் இன்னொரு பகுதியும் உண்டு. அன்று தங்களுக்குச் சுகமில்லாததால் சொல்லவில்லை."

"என்ன பகுதி?"

"தங்கள் நெஞ்சு நிற்காமல் ஓடினால், வருடாவருடம் தாங்கள் நடந்தே வேளாங்கண்ணிக்கு வருவதாக."

மச்சாது சட்டையை மாட்டுவதை நிறுத்தினார். "நேர்ந்துகிட்டது நீங்க. நடக்கணுமா நான்?"

"எங்களுக்குக் கால் இல்லையே ஐயா."

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். தெக்லா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. "நியாயமாத்தான் பேசுதாவ," என்றாள், ஒருவழியாக.

விஷயம் ஒரு வயிற்றோடு நிற்கவில்லை. ஒரு சமாதானி புதிதாகக் கற்ற சொல்லை மற்றச் சமாதானிகளுக்கு அனுப்பிவிடும், அது அதன் அமைப்பு. மாதம் முடிவதற்குள் கடற்கரையோர மாவட்டங்கள் முழுவதும் உள்வீட்டாருக்கு நன்றி என்ற சொல் தெரிந்துபோயிற்று. கூடவே நேர்ச்சையும். யாருக்காக யார் நேரலாம் என்ற விவரமும்.

அதிலிருந்து சாலைகள் காலியாகவே இருப்பதில்லை. வேளாங்கண்ணிக்கு ஒரு கூட்டம், திருச்செந்தூருக்கு ஒரு கூட்டம், நாகூருக்கு ஒரு கூட்டம். தங்கள் உள்வீட்டார் எங்கே நேர்ந்திருக்கிறார்களோ அங்கே போகவேண்டியதுதான், நமக்கு எந்தச் சாமி என்பது அவர்களுக்கு விளங்காது. அதிராம்பட்டினத்துப் பாயை அவருடைய உள்வீட்டார் திருச்செந்தூருக்கு நடத்தினார்கள். தூத்துக்குடியில் கடவுளே இல்லை என்று மேடைபோட்டுப் பேசும் ஒரு தமிழாசிரியருக்கு மூன்று இடத்துக்கு நேர்ந்துவிட்டார்கள். அவர் வெயிலில் ஒவ்வொரு கடவுளையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே மூன்று இடத்துக்கும் போய் வந்தார். போகாமலிருந்து பார்க்கலாமே என்று கேட்டவர்களிடம், "போகாவிட்டால் வயிற்றுக்குள் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், தூங்க முடியவில்லை," என்றார்.

இசக்கியம்மாளுக்கு இரண்டு விஷயங்கள் புரிபடவில்லை. ஒன்று, வருடத்துக்கு ஒருமுறை நோன்பிருந்து நடக்கிறவர்களின் இதயம், நடக்காதவர்களுடையதைவிட நன்றாக இருந்தது. இன்னொன்று, ஊரில் காரணமில்லாமல் நன்றி பெருகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, என்றோ கடன் கொடுத்த ஏணிக்காக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பஸ் கண்டக்டர்களின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்கள். நோயாளிகள் அவருடைய அறையை விட்டு வெளியே போக முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த தடவை மச்சாது போனபோது டாக்டர் நேராகவே கேட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, மின்விசிறியைப் பாத்தா நன்றி சொல்லணும் போல இருக்குன்னு சொன்னீங்களே. அது உங்க நன்றியா, இல்ல அவங்க ரத்தத்துல விடுற ஏதாவதா? நானும் எல்லாப் பரிசோதனையும் பண்ணிப் பாத்துட்டேன், பிரிக்கவே முடியலை. யோசிச்சுப் பாருங்க. தின்கிறதுக்கு வீடு, வருசத்துக்கொருக்கா ஊர் சுத்த வண்டி, வீட்டுக்காரர் மனசு நிறைய நன்றி. ஒரு ஒட்டுண்ணிக்கு இதைவிட என்ன வேணும்? நாம அவங்களைப் பழக்கினோமா, அவங்க நம்மளைப் பழக்கிட்டாங்களா?"

மச்சாது மேசைமேல் மல்லாந்து படுத்திருந்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"பிரிச்சு என்ன செய்யப்போறீங்க டாக்டரம்மா," என்றார். "நடக்கையில எல்லாம் ஒண்ணாத்தான் நடக்குது. தெக்லா நேர்ந்தா, நான் நடந்தேன். அவங்க நேர்ந்தாங்க, நான் நடக்கேன். முழுக்க முழுக்க எனக்குன்னு சொந்தமா ஒரு நன்றி இருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா மல்லாந்து படுக்க முடியுதே."

டாக்டர் அவர் துடிப்பைச் சீட்டில் குறித்துக்கொண்டார். பிறகு, தன்னையறியாமல், "வந்ததுக்கு நன்றி அண்ணாச்சி," என்றார். சொல்லிவிட்டுத் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

மச்சாது போன வருடம் புதுப்பெட்டி வாங்கிக்கொண்டு பழையதை என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது. பின்மூடியைத் திறந்தால், மின்கலம் வீணாகாமலிருக்கத் தொழிற்சாலையிலேயே செருகி அனுப்பும், உருவினால்தான் பெட்டிக்கு மின்சாரம் போகும் அந்த மஞ்சள் பிளாஸ்டிக் நாடாவை இன்றுவரை யாரும் உருவியிருக்கவில்லை.